மிஸ் நைக்விஸ்டுக்கு வெர்லின் பிடித்துக் கொடுத்த காதலன்

இப்போதெல்லாம் வெர்லின் கிரேபில் மளிகைக் கடையில் முதியோர் குடியிருப்புக்காரர்கள் யாரையாவது கண்டால், பூனைத் தீனி அடுக்கியிருக்கும் வரிசைக்குள் சட்டென்று ஒதுங்கிவிடுகிறார். அவரிடம் பூனை கிடையாது. டப்பாவை எடுத்துப் படிப்பார், வைப்பார், இன்னொன்றை எடுப்பார். அவர்கள் போன பிறகுதான் வெளியே வருவார், காது இரண்டும் சிவந்து.

போன வருஷம்வரை அப்படியில்லை. ஒஹாயோவின் அந்த மூலையில் தலை நிமிர்ந்து நடந்த சிலரில் அவரும் ஒருவர். சோற்றுக்கு ஒரு தொழில், பெருமைக்கு ஒரு தொழில் என்று வைத்திருந்தார். சோற்றுக்கு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பழுதுபார்ப்பது. ஜனவரி மாதம் நிலவறையில் ஃபர்னஸ் நின்று வீடு விறைத்துப்போனால் ஜனங்கள் ஆண்டவனைக் கூப்பிடுவதற்கு முன் வெர்லினைக் கூப்பிடுவார்கள். இவர்தான் முதலில் வந்து சேருவார். பெருமைக்கு, பட்டாளத்துக்காரர்களின் பதக்க வரிசைகளைச் சேகரித்து அவை யாருடையவை என்று கண்டுபிடிப்பது. இதற்கு யாரும் கூப்பிடவில்லை. அவராகவே போனார்.

நம் அமெரிக்க ராணுவம் பதக்கம் கொடுக்கும், பெரும்பாலும் அதில் பெயர் வெட்டாது. பிரிட்டிஷ்காரனுக்கு இருக்கிற பொறுமை நமக்கு இல்லை. அதனால் தனிப் பதக்கம் ஊமை. ஆனால் ஒருவர் வாங்கிய பதக்கங்களையெல்லாம் சட்டையில் குத்தும் ஒரே ஊசிப்பட்டையில் வரிசையாகத் தைத்து மாட்டிக்கொண்டால், அந்த வரிசை மெல்ல வாயைத் திறக்கும். முதலில் என்ன வீரப் பதக்கம், அப்புறம் எந்தப் போர்முனை, ரிப்பனில் எத்தனை நட்சத்திரம், எது இருக்க வேண்டும், எது இல்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சுவார். அந்த ஆளைப் பிடிப்பதில் வெர்லின் கெட்டிக்காரர். அவருடைய சொந்த மார்பில் எதுவும் இல்லை. காதில் கோளாறு என்று வாலிபத்திலேயே ராணுவம் திருப்பி அனுப்பிவிட்டது. அதனால்தானோ என்னவோ, அடுத்தவர் மார்பை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார்.

இந்தப் பதக்க உலகத்தில் பாவங்கள் இரண்டுதான். வரிசையை உடைப்பது ஒன்று. வரிசையில் இல்லாததைச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டையும் பற்றி வெர்லின் பேச ஆரம்பித்தால் பதக்கம் சேகரிப்பவர்களின் சங்கக் கூட்டத்தில் காபி ஆறிப்போகும். "ஒருத்தன் வாழ்க்கைய ஒருத்தன் தச்சு வச்சிருக்கான். அதுல கத்தரிக்கோல் வைக்க நீ யாரு?" என்று மேசையைத் தட்டிக் கேட்பார். யாரும் பதில் சொன்னதில்லை. அது அவர்களைக் கேட்ட கேள்வி என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஃபர்னஸ் பார்த்த வீடுகளில் ஒன்று மிஸ் ஆர்டிஸ் நைக்விஸ்டின் வீடு. டெலிஃபோன் எக்சேஞ்சில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், நெப்ராஸ்காவிலிருந்து எப்போதோ வந்து தங்கிவிட்டவர். வேலை முடிந்ததும் சமையலறையில் உட்காரவைத்து மிளகாய்க் காரத்தோடு பீன்ஸ் கறியும், அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் கொடுப்பார். இனிப்பையும் காரத்தையும் சேர்த்துச் சாப்பிடும் நெப்ராஸ்கா வழக்கத்தை வெர்லின் பொறுத்துக்கொண்டார். பதிலுக்கு அவர் பதக்கங்களைப் பற்றிப் பேசுவார். வீரம் என்றால் என்ன, ஜெர்மனியின் ரைன் நதியைக் கடப்பது என்றால் என்ன, போர் என்பது எப்படி இருக்கும் என்றெல்லாம் விளக்குவார். அந்த அம்மாள் காபி ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொள்வார். ஊற்றுகிற இடதுகை முழுதும் பழைய தீக்காயத் தழும்பு, தோல் சுருங்கிப் பளபளவென்று. அடுப்பில் சுட்டுக்கொண்டிருப்பார் என்று வெர்லின் அடையாளம் கண்டிருந்தார்.

போன வருஷம் வசந்தத்தில் மிஸ் நைக்விஸ்ட் முதியோர் குடியிருப்புக்கு மாறினார். மருமகன்முறைப் பையன் ஒருவன் நெப்ராஸ்காவிலிருந்து வந்து, நல்லது கெட்டது பார்க்காமல் வீட்டை வழித்து எடுத்து முற்றத்துப் புல்வெளியில் ஏலம் போட்டுவிட்டான். வெர்லின் ஒரு தையல் பெட்டியை எடுத்தார். ரூத்தான், அதாவது அவர் மனைவி, பொத்தான் கேட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அதிலிருந்த பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தால், அடியில் ஒரு பதக்க வரிசை. ஏழு பதக்கம்.

முதலில் எட்டு மூலையுள்ள வீரப் பதக்கம். சண்டையில் அல்ல, சண்டைக்கு வெளியே உயிரைப் பணயம் வைத்தவர்களுக்குக் கொடுப்பது. அடுத்து நன்னடத்தை. கடைசியில் உள்நாட்டுச் சேவை, ஐரோப்பா, போர் வெற்றி, ஜெர்மனி ஆக்கிரமிப்பு. எல்லாம் அச்சடித்த மாதிரி முறையான இடத்தில். நடுவில், மூன்றாவதாக, பாசிப்பச்சை ரிப்பனில் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் தெய்வத்தின் முகம். சுற்றிலும் 'பெண்கள் ராணுவப் பிரிவு' என்று எழுதியே இருந்தது.

பெயரில்லாத பதக்கத்திலிருந்தே பெயரைக் கறந்தெடுக்கும் மனிதர், எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "இது தப்பா இருக்கே" என்றார்.

ரூத்தான் பொத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எது தப்பு?"

"ஆம்பளை வரிசைல பொம்பளைப் பதக்கம் வந்து நிக்குது."

"அந்த அம்மாவையே கேட்டுடேன். நாலு தெரு தள்ளித்தான இருக்காங்க."

"சேச்சே. எழுபது தாண்டின அம்மா. பழைய காதலனப் பத்திக் கேட்டா நெஞ்சு தாங்குமா?"

"காதலன்னு யாரு சொன்னா?"

"கல்யாணம் ஆகாத பொம்பளை, தையல் பெட்டிக்கு அடியில, வீரப் பதக்கம். நீயே சொல்லு."

ரூத்தான் நீலப் பொத்தான்களைத் தனியாக ஒதுக்கினாள்.

வெர்லின் ஆராய்ச்சியில் இறங்கினார். அந்த வட்டாரத்தில் அந்த வீரப் பதக்கம் வாங்கியவர்களைத் தேடினார். ஒரே ஒரு பெயர் கிடைத்தது. ஆரின் டெல்லிங்கர், சார்ஜென்ட், பிறகு ஊர்க் கறிக்கடைக்காரர், பிரம்மச்சாரி, காலமாகிவிட்டார். செத்த பிரம்மச்சாரியைப் போல வசதியான ஆள் ஆராய்ச்சியாளனுக்குக் கிடைக்கமாட்டார். மறுப்புத் தெரிவிக்க ஆளே இல்லை. எல்லாம் பொருந்தியது, மூன்றாவது பதக்கத்தைத் தவிர.

அந்த ஒரு பிற்பகலை வெர்லின் இன்றுவரை மறக்க முயன்றுகொண்டிருக்கிறார். வெளிச்சத்தில் வரிசையைத் திருப்பிப் பார்த்தார். ஏழு ரிப்பனும் ஒரே அளவில் வெளிறியிருந்தன. ஏழும் ஒரே நூலில், ஒரே கையால், ஒரே நாளில் தைத்தவை. வேறொருவர் கொண்டுவந்து காட்டியிருந்தால், "ஏழும் ஒரே ஆளோடது, சந்தேகமே இல்ல" என்று இரண்டே நொடியில் சொல்லியிருப்பார். அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரு பெண்பிள்ளை பழையதைப் பிரித்து மறுபடி தைத்திருக்கிறாள், அப்போது எங்கேயோ கிடைத்த ஒரு பதக்கத்தையும் அழகுக்கு நடுவில் வைத்திருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெண்களுக்குப் பச்சை பிடிக்கும் என்றுகூட ஒரு வரி தோன்றியது. பிறகு ரூத்தானின் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து மூன்றாவதை வெட்டினார். மீதி ஆறையும் நெருக்கிச் சேர்த்து மறுபடி தைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர், சீர்திருத்தம்.

வெட்டிய பதக்கத்தைக் கோடையில் நடந்த ஒரு சின்னக் கண்காட்சியில், 'அநாதைகள்' என்று எழுதிய உதிரி விற்பனைப் பெட்டியில் போட்டார். யாரோ ஒரு பெல்ட் கொக்கியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். யார் என்று அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சங்கச் செய்திமடலில் கட்டுரை வந்தது. கறிக்கடைக்காரருக்குள் ஒளிந்திருந்த வீரன்; மணமுடிக்கத் துணியாமல், தன் வீரத்தை மட்டும் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டுப் போனவன்; அதைப் பொத்தான்களுக்கு அடியில் பொத்திவைத்துக் காத்த டெலிஃபோன்காரி. பெயரைப் போடவில்லை, நாகரிகம் கருதி. ஊரில் கல்யாணமாகாத ஓய்வுபெற்ற டெலிஃபோன் மேற்பார்வையாளர் ஒருவர்தான் இருந்தார். உள்ளூர்ப் பத்திரிகை படத்தோடு மறுபதிப்புப் போட்டது. எழுதியவரே கடைசிப் பத்தியில் மூக்கை உறிஞ்சியதாகக் கேள்வி.

செப்டம்பரில் வருடாந்தரக் கண்காட்சி, கவுண்டி மைதானத்தில் ஆடு மாடு காட்டும் பெரிய கொட்டகையில். ஆடு மாடுகள் போன பின்னும் வாசனை போகவில்லை. ஒரு பக்கம் தேவாலயத்துப் பெண்கள் உருளைக்கிழங்கு மசியல்மேல் கோழி நூடுல்ஸ் ஊற்றி விற்றுக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் மேசை மேசையாகப் பதக்கம். வெர்லினின் கண்ணாடிப் பெட்டியில் ஆறு பதக்க வரிசை, ஆரின் டெல்லிங்கர் என்று தடித்த எழுத்து, அதன்மேல் காலையிலேயே குத்திவிட்டிருந்த முதல் பரிசு நீல ரிப்பன். மதியச் சாப்பாட்டின்போது மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வெர்லின் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.

மிஸ் நைக்விஸ்ட் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டியின் முன் நின்றார்.

"என்ன வெர்லின், சௌக்கியமா?"

"அட, மிஸ் நைக்விஸ்ட்! நீங்களே வந்துட்டீங்களா!" வெர்லின் அவசரமாக எழுந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க மனசு நோகாம எழுதணும்னு பாத்துப் பாத்துத்தான் எழுதினேன்" என்றார்.

"படிச்சேன். குடியிருப்புல எல்லாரும் படிச்சாங்க. இப்ப எனக்குப் பேரே ஆரினோட ஆளு. கறி சாசேஜ் போடற அன்னிக்கு என் தட்டுல ஒண்ணு கூடுதலா வச்சுட்டு, கண்ணத் தொடச்சிக்கறாங்க."

பக்கத்து மேசை மெரில் ஓடம், முப்பது வருஷ நண்பர், வாயிலிருந்த காபியை விழுங்கமுடியாமல் தவித்தார்.

"ஆரின் டெல்லிங்கர் யாருன்னு தெரியுமாப்பா உனக்கு? தராசுல கட்டவிரல வச்சு அழுத்தற ஆளு. நான் கறி வாங்கின நாளெல்லாம் அவன் விரலுக்கும் சேத்துத்தான் காசு குடுத்தேன். அவன் பதக்கம் வாங்கியிருந்தா வாங்கிக்கட்டும், நல்லது. அவன் எனக்கு எதுக்கு?"

மெரில் சிரித்தேவிட்டார். வெர்லினும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"அப்ப இது… உங்க அண்ணனோடதா?"

மிஸ் நைக்விஸ்ட் அவரை உற்றுப் பார்த்தார். கோபமில்லை, ஃபர்னஸைப் பார்த்து, 'இதுக்கு இன்னொரு தடவை சொல்லணுமா' என்று நினைக்கிறவர்போல.

"எனக்கு அண்ணனும் கெடயாது, தம்பியும் கெடயாது. நீ மொத தடவ வீட்டுக்கு வந்தப்பவே பதக்கக் கத ஆரம்பிச்சே. எங்கிட்டயும் கொஞ்சம் கெடக்குன்னு சொன்னேன். 'உங்க அண்ணனோடதா'ன்னு கேட்ட. நான் பதில் சொல்றதுக்குள்ள நீ ரைன் நதியக் கடக்கப் போயிட்டே. சரி, பையன் சந்தோஷமா இருக்கான், விடுன்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

இடதுகையைக் கண்ணாடிமேல் வைத்தார். ஆறு பதக்கமும் அந்தத் தழும்புக்கு அடியில் இருந்தன.

"மூணாவது எங்க?"

வெர்லினுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகும், "எந்த மூணாவது?" என்று அவர் வாய் கேட்டது. மனிதனுடைய வாய்க்கு மானம் கடைசியாகத்தான் எட்டும்.

"பச்ச ரிப்பன். அத வச்சுத்தான இது பொம்பளையோடதுன்னு தெரியும்? எழுதியே போட்டிருக்கே. நான்தான் தச்சேன், ஏழையும், எங்கம்மா சமையக்கட்டுல உக்காந்து."

மெரில் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார். எழுந்து வந்து கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். நெருக்கித் தைத்த இடத்தில் பட்டையின் துணி கொஞ்சம் கறுத்து, பழைய ஊசித் துளைகள் காலியாக இருந்தன. இத்தனை பேர் பார்த்துப் பரிசு கொடுத்த வரிசையில் அதை அதுவரை யாரும் பார்க்கவில்லை; வெர்லின் தைத்தது என்றால் பார்க்க வேண்டியதில்லை என்பது சங்கத்தில் எழுதாத விதி.

"யோவ் வெர்லின்," என்றார் மெதுவாக. "வெட்டினியா?"

அந்த ஒரு சொல்லை அவர் ஊரெல்லாம் கேட்கிற மாதிரி கத்தியிருக்கலாம். கத்தாததுதான் தாங்கவில்லை.

"மிஸ் நைக்விஸ்ட், இப்பவே எடுத்துக்கிட்டுப் போங்க" என்று வெர்லின் பெட்டிச் சாவியைத் தேடினார். சட்டைப்பை, கால்சட்டைப்பை, மறுபடி சட்டைப்பை. "பச்சைக்கு ஒண்ணு வாங்கித் தச்சுத் தந்துடறேன். அதே பதக்கம், அதே வார்ப்பு, எங்க வேணா கெடைக்கும். பேர் எதுவும் கெடயாது, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது."

"உனக்குத் தெரியும்" என்றார் அவர். "வேற ஆளோடத வரிசைல சேக்கறது திருட்டுன்னு என் சமையக்கட்டுல மேசையத் தட்டித் தட்டிச் சொன்னது யாரு? காபி கொட்டிச்சு, நான்தான் தொடச்சேன்."

வெர்லின் சாவியைத் தேடுவதை நிறுத்தினார்.

அப்போதுதான் மிஸ் நைக்விஸ்ட் தான் வந்த காரணத்தைச் சொன்னார். அடுத்த மாதம் வாஷிங்டனில், ராணுவத்தில் பணிபுரிந்த பெண்களுக்கென்று நினைவகம் திறக்கிறார்கள். குடியிருப்பிலிருந்து பஸ் போகிறது. பதக்கங்களை மாட்டிக்கொண்டு போகத்தான் பொத்தான் டப்பாவைத் தேடினார், டப்பா இல்லை. பிறகு பக்கத்து அறைக்காரி பத்திரிகையைக் கொண்டுவந்து, "உன் காதலன் படம் போட்டிருக்கு" என்று காட்டினாள்.

"நான் அங்க ஆரினோட ஆளாப் போக மாட்டேன். போனா நானாத்தான் போவேன். இல்லன்னா போகல. நீ ஊரறிய எழுதினே. ஊரறியவே திருப்பி எடு."

"மடல்ல ஒரு திருத்தம் போட்டுடறேன், அடுத்த…"

"மைக் இருக்கே."

சங்கத் தலைவர் நூடுல்ஸ் தட்டோடு மேடையேறி, ஒலிபெருக்கியைத் தட்டி, சிறந்த முறையில் அடையாளம் கண்ட வரிசைக்கான பரிசு என்று வெர்லின் கிரேபிலைக் கூப்பிட்டார். கைதட்டினார்கள். மேடைக்குப் போகும் வழியில் வெர்லின் ஒரு நல்ல வாக்கியம் தயாரித்தார். ஃபர்னஸ்காரர்களுக்கும் அறிஞர்களுக்கும் அது பொதுவான திறமை.

"நண்பர்களே, இந்த வரிசைய அடையாளம் கண்டதுல ஒரு சின்னப் பிழை நேர்ந்துடுச்சு…"

"யாரு செஞ்சது?" என்று கொட்டகையின் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது. எக்சேஞ்சில் பலகாலம் பேசிப் பழகிய குரல். அதற்கு மைக் தேவைப்படவில்லை.

கரண்டிச் சத்தம் நின்றது.

"நான்" என்றார் வெர்லின். "நான் செஞ்சேன். இது ஆரின் டெல்லிங்கரோடது இல்ல. மிஸ் ஆர்டிஸ் நைக்விஸ்டோடது. அவங்களே வாங்கினது." அத்துடன் இறங்கியிருப்பார். மெரில் தலையைக் குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. "மூணாவதா பெண்கள் படைப் பதக்கம் இருந்துது. நூல் ஒண்ணா இருக்குன்னு பாத்தேன். பாத்துட்டுத்தான் வெட்டினேன். என் கதைக்கு அது ஒத்துவரல."

யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவர் நின்று பார்த்தார். யாரோ ஒருவர் தவறுதலாகக் கைதட்ட ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். நூடுல்ஸ் பக்கத்திலிருந்து ஒரு கிழவி எழுந்து, "ஆர்டிஸ், என்னத்துக்குடி குடுத்தாங்க உனக்கு?" என்று கத்தினாள்.

"பிரான்ஸ்ல, ரெய்ம்ஸ் ஊர்ல எங்க படை எக்சேஞ்சு தீப்பிடிச்சுது. உள்ள ரெண்டு பையனுங்க மாட்டிக்கிட்டாங்க. கதவு சூடா இருந்துது." அவ்வளவுதான் சொன்னார் மிஸ் நைக்விஸ்ட். பிறகு, "அந்த நூடுல்ஸ் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

நீல ரிப்பனை வெர்லின் தானே கழற்றித் தலைவரிடம் கொடுத்தார். தலைவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பச்சை ரிப்பன் பதக்கத்தை யாராவது வாங்கியிருந்தால் தரும்படி மைக்கில் இருமுறை கேட்டார்கள். மெரில் மேசை மேசையாகப் போய் விசாரித்தார். கிடைக்கவில்லை. அது எங்கேயோ இன்னொருவர் பெட்டியில், ஊமையாக இருக்கிறது.

அடுத்த வாரம் வெர்லின் முதியோர் குடியிருப்புக்குப் போனார். வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரைக் கடைசிவரை பார்வையாலேயே கொண்டுபோய் விட்டார்கள். மிஸ் நைக்விஸ்டின் சிறிய சமையலறையில் வரிசை மேசைமேல் கிடந்தது. வெர்லினின் தையலை அவரே பிரித்து வைத்திருந்தார்.

"என் விரல் இப்ப ஊசி பிடிக்க மாட்டேங்குது. நீ தை."

"மூணாவது இடத்துக்கு…"

"காலியா விடு."

"அங்க எல்லாரும் பாப்பாங்களே, மிஸ் நைக்விஸ்ட். பல்லு விழுந்த மாதிரி தெரியும். கேப்பாங்க."

"கேக்கட்டும். கேட்டா சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேக்காததுதான வம்பு?"

வெர்லின் தைத்தார். முதலாவது, இரண்டாவது. பழைய ஊசித் துளைகளிலேயே ஊசியை விட்டார். அது மட்டும்தான் அவரால் முடிந்த மரியாதை. மூன்றாவது இடத்துக்கு வந்ததும் கை தானாகவே நான்காவதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தியது. ஒரு மயிரிழைதான். அவ்வளவு பெரிதாக வெறுமை தெரிய வேண்டாமே என்று ஏதோ ஒன்று உள்ளே கெஞ்சியது. தலையை நிமிர்த்தாமல் ஊசியைக் குத்தினார்.

மிஸ் நைக்விஸ்ட் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். தழும்பு விரலால் நான்காவது பதக்கத்தை அதன் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

"பிரிச்சுத் தை, வெர்லின்," என்றார். "இன்னும் கொஞ்சம் அகலமா விடு."